இமிகுவிமோட் கிறீம்: பாலுறுப்பு மருவுக்கு எவ்வளவு நல்லது, எங்கே பிழைத்துப்போகிறது

பாலுறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மருவுக்கு வீட்டில் வைத்தே பூசிக்கொள்ளும் மருந்துகளில், இமிகுவிமோட் 5 சதவீத கிறீமைத்தான் முதலிடத்தில் வைக்கிறோம். நல்ல மருந்து. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்குச் சரிவராது. "பூசினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்களில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒரு சாரார் இரண்டாம் கிழமையில் தோல் சிவந்ததும் பயந்து நிறுத்தியவர்கள். மற்றவர்கள் சீக்கிரம் விழட்டும் என்று தினமும் பூசிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள். எப்போது பூசுவது, எப்போது கைவைக்காமல் விடுவது என்பதைப் பாமசியில் யாரும் நின்று சொல்லித் தருவதில்லை. டொக்டரிடம் கேட்கவும் வெட்கம். அதனால்தான் இந்த மதிப்பீட்டில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சமும் பூசும் முறையைப் பற்றி நிறையவும் எழுதுகிறோம்.

இந்த மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் வந்த பெயர் அல்டாரா. இப்போது வேறு கம்பனிகளின் ஜெனரிக் கிறீம்களும் உண்டு. உள்ளே இருப்பது அதே இமிகுவிமோட், அதே 5 சதவீதம் என்றால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழக்கமாக ஒரு பெட்டியில் 12 சின்னப் பக்கட்டுகள் வரும். ஒரு பக்கட்டில் 250 மில்லிகிராம் கிறீம், அதில் மருந்து 12.5 மில்லிகிராம். கிழமைக்கு மூன்று தடவை என்பதால் ஒரு பெட்டி நான்கு கிழமைக்குக் காணும். ஆகக்கூடியது 16 கிழமை, அதாவது 48 பக்கட்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு பெட்டி வாங்குங்கள். உங்கள் தோல் எப்படித் தாங்குகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும், காசும் வீணாகாது.

டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. முகநூலில் "மரு நீக்கும் கிறீம்" என்று விளம்பரம் போட்டு தபாலில் அனுப்புகிறவர்களிடம் வாங்க வேண்டாம். பெட்டியில் மருந்தின் பெயர், சதவீதம், காலாவதித் திகதி, இலங்கையின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு விபரம் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, 25 பாகைக்குக் கீழே இருந்தால் போதும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து அறைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஆனால் அடுப்படிப் பரண் வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

இந்தக் கிறீம் மருவை எரித்து விழுத்துவதில்லை. மருவைக் கொண்டுவரும் எச்.பி.வி. என்ற வைரஸையும் அது நேரடியாகக் கொல்வதில்லை. பூசிய இடத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. இன்டர்பெரோன் போன்ற பொருட்கள் அங்கே சுரந்து, வைரஸ் பிடித்த தோலை உடம்பே தாக்குகிறது. சிவப்பு, அரிப்பு, இலேசான செதில் எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளம். எழுப்பிவிட்ட பிறகு உடம்புக்கு வேலை செய்ய இடைவெளி வேண்டும். கிழமைக்கு மூன்று தடவை என்று வைத்ததற்குக் காரணம் அதுதான். நான்காவது, ஐந்தாவது தடவை பூசுவதால் மரு வேகமாக விழாது, நல்ல தோல்தான் உரியும்.

பலன் எவ்வளவு? மருந்தை அனுமதிக்க வைத்த ஆய்வில், முழுவதும் மறைந்தது பெண்களில் 72 சதவீதத்தினருக்கு, ஆண்களில் 33 சதவீதத்தினருக்கு. ஆண்களின் தோல் அந்த இடங்களில் தடிப்பானது, மருந்து இறங்குவது கடினம் என்பதே இந்த வித்தியாசத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். முழுவதும் மறைய எடுத்த காலம் பெண்களில் நடுமட்டமாக 8 கிழமை, ஆண்களில் 12 கிழமை. அதனால் மூன்றாம் கிழமையில் கண்ணாடி வைத்துப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. முற்றாக மறையாவிட்டாலும் பலருக்கு மரு சிறுத்துவிடும். மிச்சத்தைக் கிளினிக்கில் உறையவைத்து எடுப்பது அப்போது சுலபம்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அது மருதானா என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்தில் அதே இடத்தில் தட்டையான, ஈரமான தடிப்புகள் வரும். மரு என்று நினைத்துக் கிறீம் பூசிக்கொண்டிருந்தால் சிபிலிஸ் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதை ஒரு இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், பென்சிலின் ஊசி சுகப்படுத்தும். நடுவில் குழி விழுந்த மினுமினுப்பான பருக்கள் வேறு ஒரு வைரஸ். ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் முத்துப் போன்ற சின்னப் புள்ளிகள் நோயே இல்லை, இயல்பான அமைப்பு. பெண்களுக்கும் உள்ளிதழில் அப்படி இயல்பான மென்மையான அரும்புகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் கிறீம் பூசினால் புண்தான் மிச்சம்.

இதற்கு நல்ல இடம் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் இருக்கிறது. காசு இல்லை, வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை, விபரம் வெளியே போகாது. சிபிலிஸ், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையும் அங்கேயே செய்துகொள்ளலாம். தோட்ட டிஸ்பென்சரியில் தெரிந்த முகங்களுக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருப்பவர்களுக்கு, பஸ் ஏறி டவுனுக்குப் போய்க் காட்டுவது எவ்வளவோ மேல். தமிழில் பேச ஆள் இருக்குமா என்ற தயக்கம் இருந்தால், என்ன, எங்கே, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்ல வராததைத் தாள் சொல்லிவிடும்.

இனி பூசும் முறை. நாட்களை முதலில் முடிவு செய்யுங்கள்: திங்கள், புதன், வெள்ளி. அல்லது செவ்வாய், வியாழன், சனி. இரண்டு இரவு அடுத்தடுத்து வரக்கூடாது. படுக்கப்போகும் முன் பூசி, 6 முதல் 10 மணித்தியாலம் விட்டுக் கழுவ வேண்டும். இரவு 9 மணிக்குப் பூசி காலை 5 மணிக்குக் கழுவினால் எட்டு மணித்தியாலம், காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அளவாக இருக்கும். கழுவாமல் அப்படியே மலைக்கு ஏறிவிடுவது பெரிய பிழை. வியர்வையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் உராய்வும் சேர்ந்து மருந்தை நல்ல தோலுக்குப் பரப்பிவிடும், மத்தியானத்துக்குள் தொடை இடுக்கு எரியத் தொடங்கும்.

கையைக் கழுவுங்கள், நகம் குட்டையாக இருக்கட்டும். மரு உள்ள இடத்தை இலேசான சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, இரண்டு மூன்று நிமிடம் காற்றில் காயவிடுங்கள். ஈரத்தில் பூசினால் கிறீம் வழுக்கி ஓடும். பக்கட்டின் மூலையைக் கிழித்து விரல் நுனியில் சிறு துளி எடுத்து, மருவின் மேல் மட்டும் வைத்து, வெள்ளை நிறம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை தேய்த்துவிடுங்கள். பாணுக்கு மாஜரின் தடவுவது போல அப்பக்கூடாது. மேலே வெள்ளையாகத் தெரிந்தால் அது கூடுதல். ஒரு பக்கட் ஏறக்குறைய நாலரை சென்ரிமீற்றர் நீளமும் அதே அகலமும் உள்ள இடத்துக்குப் போதுமானது. நாலைந்து சின்ன மரு உள்ளவருக்கு முழுப் பக்கட்டும் தேவைப்படாது. மிஞ்சியதைக் கிளிப் போட்டு அடுத்த தடவைக்கு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விலை அப்படி என்பதால் அது விளங்குகிறது. ஆனாலும் திறந்த பக்கட்டில் கிறீம் காயும், கிருமியும் சேரும். தயாரித்தவர்கள் சொல்வது போல எறிந்துவிடுவதே சரி.

பிளாஸ்டர், பொலித்தீன், இறுக்கமான ஜட்டி எதுவும் மேலே வேண்டாம், தளர்வான பருத்தித் துணி போதும். பூசியதும் மறுபடி கையைக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். முன்தோல் உள்ள ஆண்கள், அதற்கு உள்ளே மரு இருந்தால், தோலைப் பின்னிழுத்துப் பூசி, மருந்து தேய்ந்து மறைந்ததும் தோலை முன்னே கொண்டுவந்து விட வேண்டும். உள்பக்கத்தைத் தினமும் கழுவ வேண்டும். பெண்கள் யோனியின் உள்ளேயோ கருப்பை வாயிலோ பூசக்கூடாது. சிறுநீர்த் துவாரம், ஆசனவாயின் உட்பக்கம் இரண்டும் அப்படியே. உள்ளே இருக்கும் மருவுக்கு டொக்டர் வேறு வழி பார்ப்பார். மாதவிடாய் நாட்களில் பேட் உராய்ந்து எரிச்சல் கூடும் என்றால் அந்த ஓரிரு தடவையைத் தள்ளிப்போடலாம். ஒருநாள் மறந்துவிட்டால் நினைவு வந்த இரவில் பூசிவிட்டு, அடுத்த இரவை விட்டு, வழக்கமான வரிசைக்குத் திரும்புங்கள், இரண்டு மடங்காகப் பூசி ஈடுகட்ட வேண்டாம்.

கழுவும் விடயத்தில் மலையகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பொதுப் பீலித் தண்ணீரில் ஆடையோடு குளிக்கிறவருக்கு, அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஒழுங்காகக் கழுவ வழியில்லை. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு கோப்பையும் கழிவறைக்குள் கொண்டுபோய், அங்கேயே கழுவி ஒற்றிவிட்டு வருவது நல்லது. விடியற்காலைக் குளிர்த் தண்ணீர் தீங்கில்லை, ஆனால் புண்ணான தோலில் அதை ஊற்றப் பயந்தே பலர் அரைகுறையாகக் கழுவுகிறார்கள்.

தோலைப் பார்த்துக்கொள்வது மருந்தைப் பூசுவதற்குச் சமமான வேலை. சிவப்பு, அரிப்பு, இலேசான எரிவு, செதில் என்று இருந்தால் தொடருங்கள். தோல் உரிந்து ஈரமாகக் கசிந்தாலோ, பொருக்குக் கட்டினாலோ, நடக்கும்போது நோகும் அளவுக்கு இருந்தாலோ மருந்தைக் கழுவிவிட்டு நிறுத்துங்கள். சில நாட்கள், தேவைப்பட்டால் ஒரு கிழமை, தோல் மூடும்வரை விடலாம். இது தோல்வியில்லை, சிகிச்சையின் ஒரு பகுதி. விட்ட நாட்களில் எழுப்பிய எதிர்ப்புச் சக்தி உடனே தூங்கிவிடாது. திரும்பத் தொடங்கும்போதும் அதே கடுமை வந்தால், கிழமைக்கு இரண்டு தடவையாகக் குறைப்பதா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

சிறுநீர் போக முடியாத அளவுக்கு வீக்கம், பின்னிழுத்த முன்தோல் முன்னே வராமல் இறுகிப்போதல், சீழும் காய்ச்சலும் சேர்ந்து வருதல், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை வரை பொறுத்துப் பார்க்கும் விடயங்கள் அல்ல இவை. பெண்களுக்குச் சிலவேளை இதழ்கள் மோசமாக வீங்கிச் சிறுநீர் அடைபட்டதும் உண்டு. இதைவிட இலேசாக, பூசிய மறுநாள் உடம்பு அலுப்பு, காய்ச்சல் குணம், தொடை இடுக்கில் நெறி கட்டுதல் என்று வரலாம். பெனடோலும் ஓய்வும் போதும். ஒவ்வொரு தடவையும் படுத்த படுக்கையாக்கினால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

புண்ணான தோலை ஆற்றும் முறை எளிமையானது, எளிமையாக இருப்பதாலேயே யாரும் நம்புவதில்லை. கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கரையுங்கள். இளஞ்சூட்டில், சுத்தமான துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றடமாக வையுங்கள். காலையும் மாலையும் செய்யலாம். தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, வாசனை சேராத வாசலினை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அது சிறுநீர் பட்டு எரிவதையும் துணி ஒட்டுவதையும் தடுக்கும். சிறுநீர் கழிக்கும்போதே ஒரு கோப்பைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டால் எரிவு பாதியாகும். பொருக்கைக் கிள்ளாதீர்கள். திரும்பவும் கிறீம் பூசத் தொடங்கிய இரவுகளில் வாசலின் வேண்டாம், வெறும் தோலில் மருந்து மட்டும்.

டெட்டோல் ஊற்றிக் கழுவுவதுதான் புண்ணை நீட்டிக்கும் முதல் காரணம். அடுத்தது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவது, சுண்ணாம்பு வைப்பது. கை, காலில் வரும் மருவுக்கு விற்கும் சலிசிலிக் அசிட் திரவத்தை இங்கே வைப்பது அதைவிட மோசம், அது நல்ல தோலையும் அரித்துவிடும். இன்னொன்று, படர்தாமரைக்கு என்று பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம். பூசிய உடனே சிவப்புக் குறையும், சுகமாக இருக்கும். ஆனால் இமிகுவிமோட் எழுப்பிவிட்ட அதே எதிர்ப்புச் சக்தியை ஸ்டீரொயிட் அமர்த்திவிடும், மரு மீண்டும் தழைக்கும். டொக்டர் சொன்னாலொழிய அது வேண்டாம்.

தென்மேல் பருவமழை நாட்களில் மலையில் உடுப்புக் காயாது. ஈரம் போகாத ஜட்டியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றால் தோல் ஊறி, மருந்து பட்ட இடம் சீக்கிரம் கிழியும், பங்கசும் சேர்ந்துகொள்ளும். பருத்தி உள்ளாடை நாலு வைத்துக்கொண்டு, அயன் பண்ணி ஈரத்தை எடுத்துவிட்டுப் போடுவது இந்தச் சிகிச்சையில் காசு குறைந்த, பலன் கூடிய வேலை. அந்த இடத்தில் சவரம் செய்யாதீர்கள். பிளேடு கீறிய இடங்கள் வழியாக மரு வரிசையாகப் பரவுவதைக் கிளினிக்குகளில் அடிக்கடி பார்க்கலாம்.

ஆறிய பின் சிலருக்கு அந்த இடம் கறுத்தோ வெளிறியோ நிற்கும். மாநிறத் தோலில் இது கூடுதலாகத் தெரியும். கறுப்பு பெரும்பாலும் மாதக்கணக்கில் மங்கும். வெளிறியது சிலருக்கு அப்படியே தங்கிவிடக்கூடும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது, பெட்டிக்குள் உள்ள தாளில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இந்தக் கிறீம் யாருக்குப் பொருந்தாது? கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்குத் திரவ நைட்ரஜன் வைத்து உறையவைப்பதோ, கிளினிக்கில் டிரைகுளோரோ அசெடிக் அசிட் தொட்டுவைப்பதோ செய்யலாம். சொரியாசிஸ் போன்ற நோய் உள்ளவர்களும், சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை குடிக்கிறவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரிதாகத் திரண்ட மருவுக்கும் இது பிந்திய வழி, வெட்டியோ சுட்டோ எடுத்தால் சீக்கிரம் முடியும். வீட்டில் பூசும் இன்னொரு மருந்து பொடோபிலொடொக்சின். மூன்று நாள் காலையும் மாலையும் பூசி, நாலு நாள் விடுவது அதன் முறை. அது மருவை நேரடியாக அழிப்பதால் பலன் முந்தித் தெரியும். கர்ப்பகாலத்தில் அறவே கூடாது. பச்சைத் தேயிலைச் சத்திலிருந்து செய்த 15 சதவீதக் களிம்பு ஒன்றும் உலகத்தில் இருக்கிறது, அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. அதைக் கேள்விப்பட்டு, கையெட்டும் தூரத்தில் கொழுந்து இருக்கிறதே என்று இலையை அவித்துக் கழுவ வேண்டாம். அந்தக் களிம்பில் இருப்பது பிரித்தெடுத்து அளந்த சத்து, கசாயத்தில் அந்த அளவு வராது.

பூசிய கிறீம் தோலில் இருக்கும்போது உடலுறவு கூடாது. கழுவிய பின்னும் கவனம் வேண்டும்: இந்தக் கிறீமும் வாசலினும் ஆணுறையின் இறப்பரைப் பலவீனமாக்கும். ஆணுறை இந்த வைரஸ் தொற்றுவதைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது, ஏனென்றால் அது மூடாத தோலிலிருந்தும் தொற்றும்.

வீட்டுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்படும் பேச்சு வரும். அங்கே ஒரு உண்மையை வைத்துக்கொள்ளுங்கள். தொற்றிய பின் மரு தெரிய மூன்று கிழமையும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம், சிலருக்கு வருடக்கணக்கும் ஆகலாம். மரு வந்த நாளை வைத்து, யார் யாருக்குக் கொடுத்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கை வைத்து ஒரு பெண்ணையும் அடிக்கவோ, ஒரு கல்யாணத்தையும் முறிக்கவோ நியாயம் கிடையாது. இருவரும் சேர்ந்து போய்க் காட்டிக்கொள்ளுங்கள். இந்த மருக்களில் ஏறக்குறைய 90 சதவீதம் எச்.பி.வி. வைரஸின் 6, 11 என்ற வகைகளால் வருபவை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவருபவை பெரும்பாலும் வேறு வகைகள். என்றாலும் பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் 2017 முதல் போடும் எச்.பி.வி. தடுப்பூசிப் படிவம் வீட்டுக்கு வந்தால், மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.

மரு முழுவதும் மறைந்த அன்றே கிறீமை நிறுத்திவிடலாம். பெட்டி மிஞ்சுகிறதே என்று தொடர வேண்டாம். திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும், அதுவரை கிழமைக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எட்டுக் கிழமை ஒழுங்காகப் பூசியும் ஒரு மருகூட அசையவில்லை என்றால் ஒன்பதாவது கிழமைக்கு இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். அதே காசில் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போங்கள், முதலில் பார்த்தது சரியா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.